ஒரு குறையும் இல்லாத காடு

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. கதையில் காடு வந்தால் சிங்கமும் வர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். என்ன செய்வது, இது மேற்கு மலையடிவாரத்துக் காடு. இங்கே சிங்கத்தைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. புலி ஒன்று இருந்தது. அதற்கு நிர்வாகத்தில் நாட்டமில்லை. ஆகவே ஒரு காட்டெருமையை ராசாவாக வைத்திருந்தார்கள். புல் தின்கிற ராசா என்பதால் குடிமக்களுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு புளியமரத்தடி வளையில் ஒச்சம்மா என்று ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். புருஷன் வீரணன் போன கோடையில் கிழங்கெல்லாம் வற்றிப்போன சமயத்தில் மலைக்குக் கீழே மனிதர்களின் கடலைத் தோட்டத்துக்கு இரை தேடிப் போனவன், திரும்பி வரவில்லை. வேலியில் கண்ணி வைத்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர். நாய் என்றார்கள் சிலர். ஒச்சம்மா யார் சொன்னதையும் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டால் அது உண்மையாகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

இந்த வருஷமும் கோடை வந்துவிட்டது. ஓடை வற்றிச் சேறாகி, சேறும் வெடித்துக் கிடந்தது. எங்கே தோண்டினாலும் கல்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அவளும் அந்தக் கடலைத் தோட்டத்துக்குத்தான் போயாக வேண்டும். போய் அவளும் திரும்பாவிட்டால் இந்தக் குட்டிகளுக்கு யார் இருக்கிறார்கள்? அதை நினைக்கும்போதெல்லாம் அவளுடைய முதுகு முள் தானாக நிமிர்ந்துகொள்ளும்.

மற்றவர்கள் மட்டும் செழிப்பாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காடு முழுக்க அப்படித்தான். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்காவது வெளியாள் வந்தால், அக்கம்பக்கத்து வளைகளிலும் பொந்துகளிலும் இருக்கிற நல்ல சாமான்கள் எல்லாம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சுருளி என்ற குரங்கிடம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. வனத்துறை பங்களாவிலிருந்து அது எப்படி அவன் மரத்துக்கு வந்தது என்று யாரும் கேட்டதில்லை. சடையாண்டி என்ற கரடி ஒரு தேனடையைத் தின்னாமல் பத்திரமாக வைத்திருந்தான். ஒரு கரடிக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று யோசித்துப் பாருங்கள். முயல் ராக்குவிடம் பூப்போட்ட போர்வை ஒன்று உண்டு. பெண் பார்க்க வந்தாலும் துக்கம் விசாரிக்க வந்தாலும் இந்த மூன்றும் அந்த வீட்டில் ஆஜராகிவிடும். வந்தவர் முன்னால் இது இரவல் என்று சொல்லக்கூடாது. "ரொம்ப வசதியா இருக்கீங்களே" என்று வந்தவர் சொன்னால், "எல்லாம் இங்க உள்ளதுதான்" என்று சொல்ல வேண்டும். அதில் பொய்யும் இல்லை பாருங்கள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காட்டுக்கு ஒரு காகம் வந்தது. பட்டணத்துக் காகம். கழுத்தில் நாடா கட்டி அட்டை தொங்கவிட்டிருந்தது. அது ராசாவின் பாறைமேல் உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட்டுப் பேசியது.

"கடல் கடந்து பனிநாட்டிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வருகிறது. உலகமெல்லாம் குச்சி ஐஸ் விற்கிற கம்பெனி. வளரும் காடுகளில் வறுமையைக் குறைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள்."

"வளரும் காடா?" என்றான் சடையாண்டி. "நம்ம காடு வருசா வருசம் சுருங்கிக்கிட்டுல்ல வருது?"

"சுருங்குகிற காட்டைத்தான் அவர்கள் பாஷையில் வளரும் காடு என்பார்கள்" என்றது காகம். "கேளுங்கள். இங்கே ஓடைக்கரையில் ஐஸ் குச்சி சீவுகிற ஆலை போடப்போகிறார்கள். இருப்பதிலேயே ஏழைக் குடும்பம் எதுவோ, அதற்கு முதல் வேலை. சம்பளம் கிழங்கும் கடலையுமாக வீடு தேடி வரும். ஆனால் ஒன்று. வறுமை இருக்கிற இடத்தில்தான் ஆலை. கம்பெனி ஆள் நேரில் வந்து பார்ப்பார்."

குச்சி சீவுகிற வேலை என்றதும் ஒச்சம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முள்ளம்பன்றியின் பல்லுக்கு மரத்தைச் சீவுவது ஒரு வேலையா? கிழங்கு வீடு தேடி வந்தால் கடலைத் தோட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம். அவள் குட்டிகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்மில் ரொம்ப இல்லாதவர் யாருப்பா?" என்று கேட்டார்.

சுருளி ஆகாயத்தைப் பார்த்தான். முயல் ராக்கு காதை மடித்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அன்று காலையில் ஒரு காய்ந்த இலைக்காகச் சண்டை போட்ட இரண்டு அணில்கள், "எங்களுக்கு என்ன குறை, ராசா புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கோம்" என்றன. பட்டினி கிடப்பது வேறு, பட்டினி என்று நாலு பேர் முன்னால் கை தூக்குவது வேறு.

கடைசியில் ஒச்சம்மாதான் எழுந்து நின்றாள். முகம் சுட்டது. "என் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள். "புருசன் இல்ல. வளையில ஒண்ணுமில்ல. வந்து பார்த்துக்கட்டும்."

அதைச் சொல்லிவிட்டு அவள் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கத்தை அதற்கு முன் பட்டதில்லை.

கம்பெனி ஆள் வருகிற நாளும் வந்தது. ஒச்சம்மா வளையைப் பெருக்கக்கூட இல்லை. எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். குட்டிகளின் முகத்தை மட்டுமாவது கழுவலாம் என்று, ஊற்று கொஞ்சம் கசிகிற ஓடைக்குழிக்குக் கூட்டிப்போனாள். ஏழை என்றாலும் மூக்குச்சளியோடு நிற்க வேண்டுமா என்ன?

திரும்பி வந்து பார்த்தால் அவளுக்குத் தன் வீடு அடையாளமே தெரியவில்லை. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. புளியமரத்தடியில் சிவப்பு நாற்காலி போட்டிருந்தது. வளை வாசலில் பூப்போட்ட போர்வை திரையாகத் தொங்கியது. தேக்கிலையில் தேனடை. சடையாண்டியும் சுருளியும் ராக்குவும் வேர்த்து விறுவிறுத்து, நல்ல காரியம் செய்த திருப்தியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"பாவிகளா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!" என்று ஒச்சம்மா அலறினாள்.

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்கற?" என்றான் சடையாண்டி. அவன் முகம் வாடிப்போனது. "கடல் தாண்டி ஆள் வருது. உன் வீடு அப்படிக் கிடந்தா நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?"

"மதினி, நீ ஒத்தையில நின்னு தலைகுனிஞ்சியே, அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல" என்றாள் ராக்கு. சோறு இருந்திருந்தாலும் இறங்கியிருக்காது என்பதுதான் உண்மை.

எல்லாவற்றையும் தூக்கி ஒளித்துவிடலாம் என்று ஒச்சம்மா நாற்காலியைப் பிடித்தாள். அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது.

இரண்டு கழுதைகள் ஒரு ஐஸ் பெட்டியை இழுத்து வந்தன. பெட்டிக்குள் கழுத்தளவு ஐஸ் கட்டியில் ஒரு பெங்குவின் உட்கார்ந்திருந்தார். பிறக்கும்போதே கோட்டு போட்டுக்கொண்டு பிறந்தவர் என்பதால் வெயிலுக்கு அதைக் கழற்றவும் அவருக்கு வழியில்லை. பாவம், ஐஸ் கரைவதற்குள் வறுமையைப் பார்த்து முடித்துவிட வேண்டும். அந்த அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

பெங்குவின் துரை இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். தேனை ஒரு வாய் நக்கிப் பார்த்தார். போர்வையைத் தடவிப் பார்த்தார். நாற்காலியின் முதுகில் யாரோ ஒரு காலத்தில் சிகரெட்டால் சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் காகத்திடம் ஏதோ சொன்னார்.

"துரை கேட்கிறார்: இதெல்லாம் உங்களுடையதா?"

ஒச்சம்மா வாயைத் திறந்தாள். இல்லை, ஒன்றுகூட என்னுடையது இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். எதிரே சடையாண்டி நின்றான். ஒரு வருஷம் தின்னாமல் வைத்திருந்த தேனடையைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு, ஆனால் சிரித்த முகத்தோடு நின்றான். அவனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"எல்லாம் இங்க உள்ளதுதான்" என்றாள்.

"உங்களுக்கு என்ன குறை என்று கேட்கிறார்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வீரணனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வயிற்றைத் தொட்டுக் காட்டியிருந்தால்கூடப் போதும். ஆனால் அக்கம்பக்கம் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எந்த ஜீவன்தான் குறை சொல்லும்?

"ஒரு குறையும் இல்லைங்க" என்றது அவள் வாய். அது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

துரை குழம்பிப்போனார். வேறு ஏழை வீடு காட்டச் சொன்னார். ராக்குவின் வளைக்குக் கூட்டிப்போனார்கள். கழுதை வண்டி சுற்றுப்பாதையில் போவதற்குள் நாற்காலியும் தேனடையும் போர்வையும் குறுக்குவழியில் புதருக்குள் ஓடி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கிருந்து அணில் வீடு. அணில் வீட்டிலிருந்து கீரி வீடு. போன இடமெல்லாம் மரத்தடியில் ஒரு சிவப்பு நாற்காலி, இலையில் தேன். தேனடை மட்டும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. அதைத் துரை கவனித்தாரோ என்னவோ, சடையாண்டி கவனித்தான். போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: ஒரு குறையும் இல்லைங்க.

ஐஸ் கரைந்துவிட்டது. துரை வண்டியில் ஏறி நின்றுகொண்டு முடிவைச் சொன்னார். காகம் மொழிபெயர்த்தது:

"உலகத்தில் எத்தனையோ காடு பார்த்திருக்கிறேன். குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் சிவப்பு நாற்காலி உள்ள காட்டை இங்கேதான் பார்க்கிறேன். நாற்காலியில் ஒரே அளவில் ஓட்டை போடுகிற உங்கள் பாரம்பரியக் கைவேலையும் அற்புதம். இந்தக் காட்டில் வறுமை இல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடித்தபிறகுதான் சுருளிக்கு யோசனை வந்தது. "அப்ப ஆலை?" என்று கேட்டான்.

"வறுமை இல்லாத இடத்தில் ஆலை எதற்கு? இல்லாதவன்தான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு குச்சி சீவுவான். நாற்காலி வைத்திருக்கிறவன் பேரம் பேசுவான்" என்றது காகம். வண்டி போய்விட்டது.

மறுநாள் ராசாவின் பாறையில் ஒரு பலகை தொங்கியது. 'வறுமை ஒழிக்கப்பட்ட காடு. உபயம்: பனிநாட்டுக் குச்சி ஐஸ் கம்பெனி.' கம்பெனி வந்த அன்றைக்கே வறுமை ஒழிந்துவிட்டதால், கம்பெனியால்தான் ஒழிந்தது என்று பனிநாட்டில் கணக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா?

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்த சுருளியிடமும் கூட வந்த சடையாண்டியிடமும் ஒச்சம்மா பொரிந்து தள்ளிவிட்டாள்.

"உங்க கௌரவத்தை அவிச்சு என் பிள்ளைகளுக்குப் போட முடியுமாண்ணே? நான் வெக்கத்தை விட்டுட்டு எந்திரிச்சு நின்னேன். நீங்க நாற்காலியைப் போட்டு என்னை உக்கார வச்சிட்டீங்க. நாளைக்கு நான் கடலைத் தோட்டத்துக்குப் போறேன். நான் வராட்டி இந்த ரெண்டையும் அந்த நாற்காலியில உக்கார வச்சு அழகு பாருங்க."

சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டான். சுருளிக்கு அழுகையே வந்துவிட்டது. "போகாத மதினி" என்றான். மிச்சமிருந்த தேனடையைச் சடையாண்டி குட்டிகள் முன்னால் வைத்துவிட்டுப் போனான். இந்த முறை யாரும் விருந்தாளி இல்லை.

மறுநாள் ஒச்சம்மா கடலைத் தோட்டத்துக்குத்தான் கிளம்பினாள். வழியில் வனத்துறை பங்களா. அங்கே பெங்குவின் துரை கால்களை ஐஸ் தொட்டியில் வைத்துக்கொண்டு, ஊருக்குக் கப்பல் ஏறக் காத்திருந்தார். அவள் கொஞ்ச நேரம் வேலி ஓரமாக நின்றாள். கண்ணியில் மாட்டிச் சாவதைவிட வெட்கத்தில் சாவது மேல் என்று தோன்றியது. நேரே உள்ளே போனாள்.

"அய்யா, அன்னிக்கு நீங்க பார்த்ததுல ஒண்ணுகூட எங்களது இல்ல. காட்டுக்கே ஒரு நாற்காலிதான். அதைத்தான் தூக்கிக்கிட்டு உங்களுக்கு முன்னால ஓடினோம். நாங்க ஏழைகதான். காட்டுல எல்லாருமே ஏழைக."

காகம் மொழிபெயர்த்ததும் துரைக்கு ஐஸ் தொட்டியிலேயே வேர்த்துவிட்டது.

"ஒழித்த வறுமை திரும்பி வந்துவிட்டதா?" என்றார்.

"போகவே இல்லீங்க. நாற்காலிக்குப் பின்னால நின்னுச்சு."

துரை தலையில் கை வைத்தார். தலைமை அலுவலகத்துக்குச் செய்தி போய்விட்டது. அங்கே விருந்து நடந்துவிட்டது. சுட்ட ஓட்டையைக் கம்பெனியின் சின்னமாகவே வைத்துவிட்டார்கள். வளரும் காடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் இந்த அதிசயத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இப்போது போய் இல்லை என்றால் துரையின் வேலை போகும். துரைக்கும் வீட்டில் குஞ்சுகள் உண்டு. அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் உடைந்தது. ஒச்சம்மாவுக்கு அந்த நேரத்திலும் அவர்மேல் பாவமாக இருந்தது.

அவரும் காகமும் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு காகம் சொன்னது:

"கம்பெனி உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. கிழங்கும் கடலையும் வீடு தேடி வரும்."

"குச்சி சீவணுமா?"

"வேண்டாம். பார்வையாளர்கள் வரும்போது அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்க வேண்டும். 'ஒரு குறையும் இல்லை' என்று சொல்ல வேண்டும்."

"அதை நாங்க சும்மாவே சொல்லுவமே!"

"இனிமேல் சம்பளத்துக்குச் சொல்லுங்கள்."

ஒச்சம்மா கொஞ்சம் யோசித்தாள். அப்புறம், "நாற்காலி தானா நடந்து வராது" என்றாள். "தூக்கறவங்களுக்கும் சம்பளம் குடுக்கணும். தேன் குடுக்கற அண்ணனுக்கும். போர்வை குடுக்கற மதினிக்கும்."

துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

அப்புறம் அந்தக் காட்டுக்கு வந்த யோகத்தைக் கேட்க வேண்டாம். கங்காரு வந்தது, ஒட்டகம் வந்தது, பனிக்கரடி வந்து மயங்கி விழுந்து எழுந்து போனது. ஒச்சம்மாவின் வாசலில் வரிசை ஓடைக்கரை வரை நின்றது. கம்பெனி எப்படி வறுமையை ஒழித்தது என்று காகம் விளக்கும். ஒச்சம்மா தன் வசனத்தைச் சொல்லுவாள். உடனே நாற்காலி அடுத்த வீட்டுக்கு ஓடும். சுருளிக்குக் கீழே நாற்காலி தூக்க ஒரு கூட்டமே வேலை செய்தது. தேனடையைக் கண்காணிக்க ஓர் ஆள், சடையாண்டியைக் கண்காணிக்க ஓர் ஆள். குட்டிகளுக்குக் கன்னத்தில் சதை போட்டது. ஒச்சம்மா மண்ணைத் தோண்டியே பல நாளாயிற்று.

ஒருநாள் சடையாண்டி காகத்திடம் போய், "இப்பத்தான் நெசமாவே வயிறு நெறையுதே, எனக்கு ஒரு நாற்காலி வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டான்.

காகம் பதறிவிட்டது. "ஆளுக்கு ஒரு நாற்காலி வந்தால் தூக்குகிறவர்களுக்கு வேலை போய்விடுமே! காடே மறுபடி ஏழையாகிவிடும்."

சடையாண்டி இதைப் பல நாள் யோசித்துப் பார்த்தான். எங்கேயோ இடித்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அவன் பழையபடி தரையிலேயே உட்கார்ந்தான்.

கடைசியில் பனிநாட்டிலிருந்து கம்பெனியின் தலைவியே வந்தார். எல்லாப் பெங்குவின்களுக்கும் பெரிய பெங்குவின். அவருக்குப் பிடித்துப்போனால் இந்த ஏற்பாடு நிரந்தரம். ஒரே ஓர் ஏழை கண்ணில் பட்டாலும் பலகையைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள் என்று காகம் எச்சரித்திருந்தது. நிறுத்தினால் மறுபடி கடலைத் தோட்டம்தான். அன்று காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தலைவி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தேனை ருசித்தார். ஓட்டையைத் தடவிக் கண் கலங்கினார். பிறகு எழுந்து நின்று, "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார்.

"ஒரு குறை..." என்று ஆரம்பித்த ஒச்சம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலில் ஒரு முள்ளம்பன்றி வந்து நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தது. முதுகில் பாதி முள் இல்லை. ஒரு பின்னங்கால் வளைந்து, தரையில் இழுபட்டது. அது நாற்காலியைப் பார்த்தது. போர்வையைப் பார்த்தது. தேனடையைப் பார்த்தது. பயந்துபோய் இரண்டடி பின்வாங்கியது.

"மன்னிச்சுக்கங்க தாயி. பெரிய இடம்னு தெரியாம வீடு மாறி வந்துட்டேன்."

வீரணன்தான். கண்ணியில் கால் மாட்டி, அதைப் பிய்த்துக்கொண்டு, நடக்கத் தெம்பில்லாமல் எந்தெந்த வரப்பிலோ கிடந்து எழுந்து வந்திருக்கிறான். கொழுத்துப்போன மனைவியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அவன் செத்துவிட்டான் என்று அவள் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை.

"யார் இந்த ஏழை?" என்று கேட்டார் தலைவி.

காகம் மொழிபெயர்க்க மறந்துவிட்டது. மொழிபெயர்க்காமலே எல்லோருக்கும் புரிந்தது. யாரோ தெரியாதவர், வழிப்போக்கர் என்று ஒச்சம்மா சொன்னால் காடு பிழைக்கும். என் புருஷன் என்றால் காடு முழுக்கப் பட்டினி. குட்டிகளும் சேர்த்துத்தான். அவள் அக்கம்பக்கத்தை ஒருமுறை பார்த்தாள்.

"என் வீட்டுக்காரரு" என்றாள்.

தலைவியின் அலகு திறந்தது. ஆனால் அது பேசுவதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது. சுருளி ஒரே தாவில் நாற்காலியைத் தூக்கி வீரணனுக்குப் பின்னால் போட்டு அவனை உட்கார வைத்தான். ராக்கு போர்வையை உருவி அவன் வளைந்த கால்மேல் போர்த்தினாள். சடையாண்டி தேனடையை முழுசாக எடுத்து அவன் கையில் கொடுத்தான். முழுசாக! குட்டிகள் இரண்டும் அவன் முதுகில் முள் இல்லாத இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. கண்ணை மூடித் திறப்பதற்குள் அங்கே ஒரு பணக்கார முள்ளம்பன்றி குடும்பத்தோடு வீற்றிருந்தது.

"வெளியூர் போயிருந்தாரு. இப்பத்தான் வர்றாரு" என்றாள் ஒச்சம்மா. காகம் அதை 'வெளிநாட்டுச் சுற்றுப்பயணம்' என்று மொழிபெயர்த்தது.

தலைவிக்குச் சந்தேகம் போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, வீரணன் கண்ணையே பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு என்ன குறை?"

வீரணன் போர்வைக்கு அடியில் இருந்த தன் காலை நினைத்தான். குட்டிகளைப் பார்த்தான். கையைப் பிசைந்துகொண்டு நின்ற அக்கம்பக்கத்தைப் பார்த்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது. அவனும் அந்தக் காட்டில் பிறந்தவன்தானே!

"ஒரு குறையும் இல்லைங்க" என்றான்.

சொல்லிவிட்டு அவன் அழுதான். அதைத் தலைவி ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். ஒருவகையில் அவர் எடுத்துக்கொண்டது தப்பும் இல்லை.

தலைவி கிளம்பும்போது காகம் ஒச்சம்மாவின் காதில் சொன்னது: "உங்கள் வீட்டுக்காரருக்கும் சம்பளம் போடச் சொல்லியிருக்கிறார். குறை இல்லை என்பதை இவ்வளவு நம்பும்படியாக இதுவரை யாரும் சொன்னதில்லையாம்."

சாயங்காலம் சுருளி வழக்கம்போல நாற்காலியை எடுக்க வந்தான். வீரணன் தேன் ஒட்டிய வாயோடு அதிலேயே தூங்கிப்போயிருந்தான். ஒச்சம்மா கீழே உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சுருளி கொஞ்ச நேரம் நின்றான். "நாளைக்கு எடுத்துக்கறேன் மதினி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு மரம் ஏறிப் போனான்.

நீதி: வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லாதீர்கள். குறையைத் தீர்க்கவே வந்தவராக இருந்தால் செத்தாலும் சொல்லாதீர்கள். அவருக்கும் வேலை போகும், உங்களுக்கும் போகும்.